முக்கும் நாய்: வாலடி வீக்கம், மலக்குடல் கோளாறு, ஹெர்னியா அறுவை

நாயின் வாலுக்கு அடியில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் வீக்கம் தெரிந்தால் அதை அமுக்கிப் பார்க்கும் முன் நாயை வெளியே அழைத்துப் போங்கள். ஒன்றுக்குப் போகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். காலைத் தூக்குகிறது, முக்குகிறது, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அல்லது எதுவுமே வரவில்லை என்றால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். ராத்திரி ஆனாலும் அன்றே கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூத்திரப்பை அந்த வீக்கத்துக்குள் மடங்கி விழுந்திருந்தால், ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடலாம். சிறுநீர் தாராளமாகப் போகிறது என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. சில நாட்கள் இருக்கிறது. சில மாதங்கள் இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும் பழைய வேலூர் மாவட்டத்துப் பக்கத்தில், நாய்க்குப் பின்னால் எது தள்ளினாலும் 'மூலம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தெருவுக்குத் தெரு மெடிக்கல் ஷாப் இருக்கும் ஊர் வேறு. மனிதருக்கான மூலக் களிம்பு, பேதி மருந்து, வலி மாத்திரை எல்லாம் கேட்ட உடனே கிடைக்கும். மனிதருக்கு வருகிற மாதிரி மூலம் நாய்க்கு வருவதில்லை. களிம்பு தடவுவதால் வரும் கெடுதலைவிட, அதைத் தடவிக்கொண்டே கடத்தும் இரண்டு மூன்று வாரம்தான் பெரிய கெடுதல்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் வால்பக்கம். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் வாய்க்கட்டு போட்டுவிடுங்கள். இரண்டு விரல் அகலம், ஒரு மீட்டர் நீளத்தில் பருத்தித் துணி போதும். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி மேலே ஒரு முடிச்சு, தாடைக்குக் கீழே கொண்டுவந்து குறுக்காக்கி, காதுக்குப் பின்னால் இழுத்து அவிழ்க்க வருகிற மாதிரி ஒரு கட்டு. ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கத்திரி வெயிலில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும் நாய், வாந்தி எடுக்கும் நாய், பக் மாதிரி மூக்கு சப்பையான நாய் ஆகியவற்றுக்கு வாய்க்கட்டு கூடவே கூடாது. தெருநாயாக இருந்து கடியோ நகக்கீறலோ பட்டுவிட்டால், 15 நிமிஷம் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள்.

கையுறை போட்டு, வாலை மெல்ல மேலே தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் சொல்வது எளிது. வீக்கம் 3 மணி, 9 மணிப் பக்கமாக, தோலுக்கு அடியில் மெத்தென்று இருக்கிறதா? 4 மணி, 8 மணி இடத்தில் சிவந்து சுடுகிறதா? ஆசனவாயின் ஓரத்திலேயே சின்னச் சின்ன உருண்டைகளா? அல்லது ஆசனவாய் வழியாகவே சிவப்புச் சதை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? வரிசையாகச் சொன்னால் ஹெர்னியா (தாங்கும் தசை கிழிந்து உள்ளிருப்பது தோலுக்கு அடியில் பிதுங்குவது), ஆசனவாய்ப் பையில் சீழ், விளிம்புக் கட்டி, வெளியே தள்ளிய குடல். இந்த நான்கும் நான்கு வேறு நோய்கள்.

அடுத்து, நாய் முக்குவதைப் போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துவிடுங்கள். மலம் வருமுன் நெடுநேரம் முக்கினால் வழி அடைபட்டிருக்கிறது: இறுகிய மலம், ஹெர்னியா, வீங்கிய புராஸ்டேட் (ஆண் நாயின் மூத்திரப்பைக் கழுத்தில் இருக்கும் சுரப்பி), கட்டி இவற்றில் ஒன்று. மலம் கழித்த பிறகும் குந்திக்கொண்டே முக்கி, சளியும் இரண்டு சொட்டு ரத்தமும் வந்தால் அது பெரும்பாலும் பெருங்குடல் அழற்சி. ஆஸ்பத்திரி மேசையில் ஏற்றியதும் நாய் முக்குவதை நிறுத்திவிடும். அந்த ஒரு நிமிஷ வீடியோ மருத்துவருக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். மலத்தின் வடிவமும் முக்கியம். நாடா மாதிரி தட்டையாக வந்தால் ஏதோ ஒன்று மலக்குடலை அழுத்துகிறது. சுண்ணாம்புத் தூள் மாதிரி வெளுத்து உதிர்ந்தால் எலும்பு.

எலும்பும் மலச்சிக்கலும்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் பிரியாணி எலும்புக்குப் பஞ்சமில்லை. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம் எந்த வீட்டு நாயும் எலும்பில்லாமல் இருக்காது. வெந்த எலும்பு சிலாம்பாக உடையும். வயிற்றில் பாதி கரைந்து, பெருங்குடலில் தண்ணீர் வற்றி, சிமென்ட் மாதிரி கட்டியாகிவிடும். கூர் முனைகள் மலக்குடலைக் கிழிக்கும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு போலத் தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இன்னொரு எச்சரிக்கை: கழிவுத் தோல் துண்டுகளை நாய் கடித்து விழுங்க விடாதீர்கள். அது செரிக்கவே செரிக்காது, பதனிட்ட ரசாயனமும் சேர்ந்து உள்ளே போகும்.

ஒரு நாள் மலம் போகவில்லை, நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, வாந்தி இல்லை என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். 10 கிலோ நாய்க்கு நாள் ஒன்றுக்கு 500 முதல் 600 மி.லி. தண்ணீர் உள்ளே போக வேண்டும், சித்திரை வைகாசியில் இன்னும் கூடுதலாக. உணவிலேயே தண்ணீரைக் கலந்துவிடுவதுதான் வழி. தோல் சீவி வேகவைத்து மசித்த பரங்கிக்காய், உப்பும் மசாலாவும் சேராமல், 10 கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி. இசப்கோல் கொடுத்தால் சின்ன நாய்க்கு அரைத் தேக்கரண்டி, 20 கிலோ நாய்க்கு ஒன்றிலிருந்து இரண்டு. நிறையத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும். உலர்வாகத் தூவினால் இருக்கிற அடைப்பை இன்னும் கெட்டியாக்கும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது கிலோவுக்கு 0.5 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை. 10 கிலோ நாய்க்கு வேளைக்கு 5 மி.லி. என்று ஆரம்பித்து, மலத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய் உள்ள நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை சில. விளக்கெண்ணெய் குடலை முறுக்கி முக்க வைக்கும். ஹெர்னியா இருக்கிற நாய்க்கு முக்கல்தான் எதிரி. லிக்விட் பாரஃபினை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். மெடிக்கலில் கிடைக்கும் சோடியம் பாஸ்பேட் எனிமா சின்ன நாய்களின் உயிரையே எடுத்துவிடும். ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி கால்சியம் விழுந்து வலிப்பு வரும். இரண்டு நாள் தாண்டியும் மலம் இல்லை, அல்லது வாந்தி, சோர்வு சேர்ந்துவிட்டது என்றால் மயக்கம் கொடுத்து மருத்துவர்தான் கையால் எடுக்க வேண்டும்.

பாமரேனியன், ஸ்பிட்ஸ் வளர்ப்பவர்கள் வேறு எதற்கும் முன்னால் முடியை விலக்கிப் பாருங்கள். வாலடி முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து ஆசனவாயையே மூடியிருக்கும். நாய் முக்கும், அழும், உள்ளே நோய் எதுவும் இருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, டிரிம்மரால் முடியை எடுத்தால் தீர்ந்தது. கத்தரிக்கோல் வேண்டாம், தோல் முடியோடு சேர்ந்து இழுபட்டு வெட்டுப்படும்.

சதை வெளியே தள்ளினால்

குட்டிக்கு என்றால் காரணம் பெரும்பாலும் குடற்புழு அல்லது பார்வோ வைரஸால் வரும் பேதி. கிழ நாய்க்கு என்றால் முக்கல் உண்டாக்கும் வேறு நோய் உள்ளே இருக்கிறது. சதை சிவப்பாக, ஈரமாக இருந்தால் இன்னும் உயிரோடு இருக்கிறது; கறுத்து, காய்ந்து, நாற்றம் அடித்தால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மணி நேரம். அதைக் காப்பாற்றுவது உங்கள் வேலை.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. இதில் சதையைக் கழுவுங்கள். வீங்கிப் பருத்திருந்தால் வெள்ளைச் சர்க்கரையைத் தாராளமாகத் தூவி பத்து நிமிஷம் விடுங்கள். சர்க்கரை நீரை வெளியே இழுக்கும், சதை சுருங்கும். கழுவி, உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடுங்கள். துணி காயக் கூடாது. நாய் நக்காமலும் கடிக்காமலும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், கூம்புக் காலர் இருந்தால் மாட்டிவிடுங்கள். உள்ளே தள்ளப் பார்க்க வேண்டாம். ஈ உட்கார்ந்து புழு வைத்திருந்தால் டர்பன்டைன், ஃபினாயில் இரண்டும் வேண்டவே வேண்டாம். மாட்டின் குளம்புக்கு ஊற்றிப் பழகிய கை நாயின் மலக்குடலிலும் ஊற்றிவிடுகிறது. அந்த மெல்லிய சவ்வு வெந்துவிடும்.

மருத்துவர் முதலில் செய்வது ஒரு சின்னச் சோதனை. வழவழப்பு தடவிய மழுங்கிய கம்பியை, சதைக்கும் ஆசனவாய் விளிம்புக்கும் இடையில் நுழைத்துப் பார்ப்பார். உடனே முட்டி நின்றால் மலக்குடல்தான் தள்ளியிருக்கிறது. தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் குடல் குடலுக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறது; அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும். மலக்குடல் என்றால் உள்ளே தள்ளி, ஆசனவாயைச் சுற்றிச் சுருக்குத் தையல் போட்டு, இளகிய மலம் போகிற அளவு இடைவெளி விட்டு, 3 முதல் 5 நாள் வைத்திருப்பார்கள். திரும்பத் திரும்பத் தள்ளினால் பெருங்குடலை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பது அடுத்த படி. குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுக்காமல் தையல் மட்டும் போட்டால் தையல் பிரித்த அன்றே மறுபடி தள்ளும். குட்டி பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதா மாதம் பூச்சி மருந்து என்பதுதான் வழக்கமான கணக்கு.

வாலடிக் கட்டிகளும் புண்களும்

பிட்டத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போனால் 4 மணி, 8 மணி இடத்தில் உள்ள ஆசனவாய்ப் பைகள் அடைத்திருக்கலாம். சீழ் வைத்தால் சிவந்து, உடைந்து, ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஓட்டை விழும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கழுவி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ஆறும். நன்றாக இருக்கும் பையை மாதாமாதம் பிதுக்கச் சொல்லும் குரூமர் பேச்சைக் கேட்காதீர்கள். பிதுக்கப் பிதுக்க அழற்சிதான் வரும்.

பயப்பட வேண்டியது அதே இடத்தில் பட்டாணி அளவுக் கெட்டி உருண்டை. வயதான நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறைய ஒன்றுக்குப் போனால், இந்தப் பைகளில் வரும் புற்று ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றியிருக்கலாம். கட்டி சின்னதாக இருக்கும்போதே இடுப்புக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவும் குணம் உடையது. ஆசனவாயின் விளிம்பில் வரும் சின்ன உருண்டைகள் வேறு கதை. விதை எடுக்காத கிழட்டு ஆண் நாய்க்கு வருவது பெரும்பாலும் சாதுவான, புற்று அல்லாத கட்டி, விதையை எடுத்தாலே சுருங்கிவிடும். பெண் நாய்க்கோ ஏற்கெனவே விதை எடுத்த நாய்க்கோ வந்தால் சதைத் துண்டை ஆய்வுக்கு அனுப்பாமல் விடாதீர்கள்.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஆசனவாயைச் சுற்றி ஓட்டை ஓட்டையாக நாறும் புண்கள் வந்தால் கத்தியை நாடுவதற்கு முன்னால் சைக்ளோஸ்போரின் மாதிரி நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து மாதக் கணக்கில் கொடுத்துப் பார்ப்பார்கள். செலவு பிடிக்கும், பொறுமை வேண்டும்.

ஹெர்னியா ஏன் வருகிறது

ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் இடுப்பெலும்புக்குள் ஒரு தசைத் திரை இருக்கிறது. வயிற்றுக்குள் இருப்பதைப் பின்னால் வராமல் தடுப்பது அதுதான். அது மெலிந்து கிழிந்தால் கொழுப்பு, புராஸ்டேட், மூத்திரப்பை, சில சமயம் குடல் தோலுக்கு அடியில் வந்து உட்காரும். மலக்குடலும் தாங்கல் இல்லாமல் ஒரு பக்கமாகப் பிதுங்கிப் பையாகும். அந்தப் பையில் மலம் சேர, நாய் முக்க, திரை இன்னும் கிழிய, இப்படியே சுற்றும். வருவது பெரும்பாலும் ஏழு எட்டு வயது தாண்டிய, விதை எடுக்காத ஆண் நாய்க்கு. ஆண் ஹார்மோன்களும் புராஸ்டேட்டில் சுரக்கும் ரிலாக்ஸின் என்ற பொருளும் தசையைத் தளர்த்துவதாகக் கருதப்படுகிறது. பெண் நாயின் தசைத் திரை பலமானது, அதனால் அரிது. ஒரு பக்கம் மட்டும் என்றால் வலது பக்கமே அதிகம்.

மருந்தால் இது ஆறாது. லாக்டுலோஸ் கொடுத்து, இளகிய உணவு கொடுத்து நாள் கடத்தலாம். மயக்கம் தாங்காத நாய்க்கு அதுவே வழி. மற்ற நாய்களுக்குக் கடத்தக் கடத்த தசை மெலிந்து, தைக்கப் பிடிமானமே இல்லாமல் போகும். இசப்கோலையும் பரங்கிக்காயையும் இங்கே அளவோடு நிறுத்துங்கள். நார் கூடினால் மலம் பருத்து அந்தப் பையை நிரப்பும்.

எங்கே போவது

ஊர்க் கால்நடை மருந்தகத்தில் விரல் விட்டுப் பார்த்து ஹெர்னியாவை உறுதி செய்துவிடலாம். தசையை இடம் மாற்றித் தைக்கும் அறுவைக்கு மயக்க வாயு, கண்காணிப்புக் கருவி, பழகிய கை மூன்றும் வேண்டும். உள்ளூரில் செய்பவர் இல்லை என்றால் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது; வேலூரிலிருந்து சுமார் 140 கி.மீ. காட்பாடிக்காரர்களுக்குச் சித்தூர் வழியாகத் திருப்பதி கால்நடைக் கல்லூரி அதைவிடக் கிட்டம்.

ஒன்றுக்குப் போகாத நாயை மட்டும் நேரே மூன்று மணி நேரம் காரில் கொண்டு போகாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் மருத்துவர் குழாய் போட்டோ, குழாய் நுழையாவிட்டால் வீக்கத்துக்குள் ஊசி குத்தியோ மூத்திரத்தை இறக்கி, டிரிப் ஏற்றிவிட்டால் நாய் பயணத்தையும் தாங்கும், மயக்கத்தையும் தாங்கும். பொட்டாசியம் ஏறிய நிலையில் மயக்கம் கொடுத்தால் நாய் மேசையிலேயே செத்துப்போகலாம். வெயில் காலத்தில் விடியுமுன் கிளம்புங்கள்.

மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மூத்திரப்பை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே அல்லது ஸ்கேனில் பார்த்தாயிற்றா? சுற்றியுள்ள தசையை இழுத்துத் தைப்பது மட்டுமா, இடுப்பெலும்பின் தளத்தில் இருக்கும் தசையைப் பெயர்த்து மேலே கொண்டுவந்து மூடுவதா? முதலாவது பழைய முறை. ஆசனவாயை ஒரு பக்கம் இழுத்துவிடும், திரும்ப வருவதும் அதிகம். கூடவே விதையையும் எடுப்பீர்களா? கிராமத்தில் காளைக்குக் காயடிக்கத் தயங்காதவர்கள் நாய்க்கு என்றால் 'பாவம்' என்பார்கள். விதையை விட்டுவைத்தால் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்புக் கணிசமாகக் கூடும், அடுத்த பக்கமும் கிழியலாம். எடுத்தால் புராஸ்டேட் சில வாரங்களில் பாதியாகச் சுருங்கும், முக்கலும் குறையும்.

அறுவைக்கு முந்தின வாரம்

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியத்தோடு பிளேட்லெட் எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (கண்ணாடியில் ரத்தம் தடவிக் கிருமி தேடுவது) கட்டாயம். இந்தப் பக்கத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். பிளேட்லெட் குறைந்த நாயை அறுத்தால் ரத்தம் நிற்காது. முதலில் அதற்கு மருந்து, பிறகு அறுவை.

ஒரு வாரம் லாக்டுலோஸ் கொடுத்து மலத்தை இளக வையுங்கள். கடைசி 24 மணி நேரத்தில் எனிமா, பேதி மருந்து எதுவும் கூடாது. ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று முந்தின ராத்திரி எனிமா கொடுத்துக் கூட்டி வருவது அடிக்கடி நடக்கிறது. மேசையில் கெட்டி மலம் இருந்தால் மருத்துவர் விரலால் எடுத்துவிடுவார். தண்ணீராக இருந்தால் அறுத்த இடத்தில் கசிந்து சீழ் பிடிக்கும். சாப்பாடு 8 முதல் 10 மணி நேரம் முன்னால் நிறுத்தம். தண்ணீர் காலை வரை இருக்கலாம். குளிப்பாட்டுவது இரண்டு நாள் முன்பே முடியட்டும்.

மேசையில் நடப்பது

தெரிந்துவைத்தால் பின்னால் வருகிற பிரச்சினை புரியும். மயக்கம் கொடுத்து, பின்முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நாயைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை உயர்த்தி, வாலை முதுகுப் பக்கம் இழுத்துக் கட்டுவார்கள். ஆசனவாய்ப் பைகளைப் பிழிந்து காலி செய்து, மலத்தை எடுத்து, ஆசனவாயைச் சுருக்குத் தையலால் மூடுவார்கள். வாலின் அடியிலிருந்து பிட்டத்து எலும்பு வரை வளைவாக ஒரு வெட்டு. ஹெர்னியாப் பையைத் திறந்ததும் ரத்தம் கலந்த நீர் கொட்டும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வயிற்றுக்குள் தள்ளுவார்கள்.

அதற்கப்புறம்தான் நுணுக்கம். இடுப்பெலும்பின் தளத்திலிருந்து உட்புறத் தசையை எலும்போடு ஒட்டிச் சீவிப் பெயர்த்து, மேலே திருப்பி, ஒரு ஓரத்தை ஆசனவாய்ச் சுருக்குத் தசையோடும் மறு ஓரத்தை வெளித் தசைகளோடும் தைப்பார்கள். தையல்களை எல்லாம் முதலில் கோத்துவைத்துக்கொண்டு கடைசியில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவது வழக்கம்; முதலிலேயே முடிச்சிட்டால் உள்ளே கை போகாது. தசை மிகவும் மெலிந்திருந்தால் பாலிப்ரோப்பிலீன் வலை வைப்பதும் உண்டு. இந்த இடத்தில் அடிபடாமல் காக்க வேண்டியவை மூன்று: ஆசனவாயை இயக்கும் நரம்பு, காலுக்குப் போகும் பெரிய நரம்பு, மலக்குடலின் சுவர். கடைசியில் சுருக்குத் தையலைப் பிரித்து, விரல் விட்டு, எந்தத் தையலும் மலக்குடலுக்குள் துளைத்திருக்கவில்லை என்று பார்ப்பார்கள். அதைப் பிரிக்க மறந்த கதைகளும் உண்டு. ‘சுருக்குத் தையல் எடுத்தாயிற்றா?’ என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

இரண்டு பக்கமும் கிழிந்திருந்தால் பலர் ஒரு பக்கம் முடித்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபக்கம் செய்வார்கள். மூத்திரப்பையே விழுந்த மோசமான நிலையில் முதலில் வயிற்றைத் திறந்து பெருங்குடலையும் மூத்திரப்பையையும் உள்ளே இழுத்துக் கட்டி, சில நாள் கழித்துப் பின்பக்கம் தைப்பதும் ஒரு முறை.

வீட்டுக்கு வந்த பிறகு

கூம்புக் காலர் தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், ராத்திரியும் பகலும். 'பாவமாகப் பார்க்கிறது' என்று ஒரு மணி நேரம் கழற்றிவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தில் தையலைப் பிரித்துவிடும். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், வேளைக்குப் பத்து நிமிஷம். மலம் போன ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். தையலின் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம்.

முதல் மலம் இரண்டு மூன்று நாள் தள்ளி வரலாம், பதற வேண்டாம். பிசைந்த களிப் பதத்தில் வர வேண்டும். தண்ணீராகப் போனால் லாக்டுலோஸ் கூடிவிட்டது, குறையுங்கள், கெட்டியானால் கூட்டுங்கள். சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும், எலும்பு துளியும் இல்லாமல், நாளைக்கு மூன்று நான்கு சின்ன வேளையாக. நான்கு வாரம் கயிற்றில் கட்டிய நடை மட்டும். மாடிப்படி, கட்டில், பைக் முன்பக்கம் எதிலும் ஏற்றாதீர்கள். வலி மருந்து மருத்துவர் எழுதியது மட்டும். வீட்டிலிருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மயக்கம் தெளிந்ததும் ஒரு பின்னங்காலை ஊன்றாமல், பாதம் மடங்கி இழுத்துக்கொண்டு கத்தினால், காலின் பெரிய நரம்பு தையலில் சிக்கியிருக்கலாம். நாளைக்குப் பார்ப்போம் என்றில்லாமல் உடனே அந்தத் தையலை எடுத்தாக வேண்டும். ஓயாமல் முக்கினால் மலக்குடலில் தையல் துளைத்திருக்கலாம். அப்படியே விட்டால் மலக்குடல் வெளியே தள்ளும். மலம் தானாக ஒழுகுவது ஒரு பக்க அறுவையில் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், இரண்டு பக்க நரம்பும் அடிபட்டிருந்தால் நிரந்தரம். மூத்திரப்பை பல மணி நேரம் மடங்கிக் கிடந்திருந்தால் தசை சோர்ந்து, சில நாள் குழாய் தேவைப்படும். தையலில் சீழ், நாற்றம், 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5.

தையல் பிரித்த பிறகும் இன்னொரு பக்கத்தை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே மெத்தென்று குழிந்தால் மறுபடி விரல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

மற்ற ஹெர்னியாக்கள்

குட்டியின் தொப்புளில் சுண்டைக்காய் அளவு வீக்கம், அமுக்கினால் உள்ளே போகிறது என்றால் ஆறு மாதம் வரை பொறுக்கலாம். பல தானாக மூடும். மூடாவிட்டால் கருத்தடை அறுவையின்போதே சேர்த்துத் தைத்துவிடலாம். பெண் நாயின் தொடை இடுக்கில் வீக்கம் வந்தால் அவ்வளவு பொறுமை வேண்டாம். அதற்குள் கருப்பை இறங்கும், சினையானால் அங்கேயே குட்டி வளரும். சினைக்கு விடாமல் தைத்து, கருப்பையையும் எடுத்துவிடுவது நல்லது. எந்த ஹெர்னியாவாக இருந்தாலும் நேற்று வரை மெத்தென்று உள்ளே போனது இன்று கெட்டியாகி, சுட்டு, தொட்டால் நாய் கத்துகிறது, வாந்தியும் எடுக்கிறது என்றால் உள்ளே போன குடல் நெரிபடுகிறது. அன்றைக்கே, பட்டினியாக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.